வாய்க்குப் போகும் கை

சினிமாவில் கதாநாயகிக்குக் காசநோய் வந்தால் வெள்ளைப் புடவை உண்டு, ஒரு சோகப் பாட்டு உண்டு, கைக்குட்டையில் அளவாக ஒரு சொட்டு ரத்தமும் உண்டு. எனக்கு வந்தபோது மூடி போட்ட ஒரு தகரக் குவளையைக் கையில் கொடுத்து, சளியை இதில்தான் துப்ப வேண்டும் என்றார்கள். பாட்டெல்லாம் இல்லை.

குணமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் தெருவில் யாருக்காவது இருமல் நிற்கவில்லை என்றால் என்னைத் தேடி வருகிறார்கள். ஊசி வலிக்குமா, மாத்திரை கசக்குமா என்று கேட்கிறார்கள். ஊசி வலிக்கும், மாத்திரையும் குமட்டும். அதெல்லாம் ஒரு பெரிய விஷயமில்லை. இத்தனை வருஷமாகத் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்த கையையும் வாயையும் புதுசாகப் பழக்குவதுதான் பெரும்பாடு. அதை ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எட்டாவது வரை படித்தவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், மற்றதில் அவருடைய தம்பி. தம்பி மனைவி பத்மா எனக்கு ஓரகத்தி, வயதில் சின்னவள். இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் பிள்ளை பிறந்தது என்று சொல்லலாம். என் மல்லிகாவுக்கும் அவள் பையனுக்கும் சில வாரங்களே வித்தியாசம். மாமியார்தான் வீட்டுக்குத் தலைமை. தறியில் உட்காருவது ஆண்கள் என்றாலும், பாவு பிணைக்கிற வேலை பத்மாவுக்கும் எனக்கும். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய ஒரு பாவு நெய்து முடிந்ததும், தறியில் மிச்சமிருக்கும் பழைய இழை முனையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பதுதான் பிணைப்பது. ஆயிரக்கணக்கில் இழை இருக்கும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் செய்ய வேண்டும்.

மல்லிகாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் ஆரம்பித்தது. காலையில் போய்விடும். இருமல் மட்டும் போகாது. பால் கொடுக்கிற உடம்பு, அப்படித்தான் இளைக்கும் என்றார் மாமியார். நாட்டு மருந்து, கஷாயம், மந்திரித்த திருநீறு எல்லாம் ஆயிற்று. ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பத்மாவும் தன் பையனைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வலது பக்கம் மேலே வெள்ளையாகக் கலங்கியிருந்த இடத்தைக் காட்டினார். நல்ல நுரையீரலில் காற்றுதான் இருக்கும், படத்தில் கறுப்பாகத் தெரியும். புண் இருக்கிற இடம் இப்படி வெள்ளையாக விழும் என்று விளக்கினார். பிறகு சளிப் பரிசோதனை. காலையில் எழுந்ததும் வருகிற சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். காசநோய்க் கிருமி இருந்தால் சிவப்புக் குச்சியாகத் தெரியும். சாயம் போடுவதில் எங்கள் ஊருக்குத் தெரியாத வித்தை இல்லை. இந்தச் சிவப்பு மட்டும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இருக்கிறது என்று முடிவு வந்த அன்று, மல்லிகா என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இருமல் காற்றில் பரவுகிற நோய் என்பதால் குழந்தையை உடனே பிரிக்க வேண்டும், நான் சென்னைப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றார் டாக்டரம்மா. சளியில் கிருமி ஒழிந்து, அது திரும்பவில்லை என்று நிச்சயமாகும் வரைக்கும் குழந்தை என் முகத்துக்குப் பக்கத்தில் வரக்கூடாது. எத்தனை நாள் என்று கேட்டேன். மாத்திரை மட்டும் ஒன்றரை வருஷம், மற்றது உன் உடம்பு சொல்லும் என்றார். இந்தப் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பார்கள் என்பது தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் பத்மா தன் பையனை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

"குடு அக்கா. எனக்கு ரெண்டு பக்கம் இருக்குதே."

அப்படித்தான் என் குழந்தை என் மடியிலிருந்து இறங்கியது. அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் அவளைத் திரும்ப மடியில் வாங்குவதற்காகச் செய்ததுதான். பிழைக்க வேண்டும் என்றுகூட எனக்காக நினைத்ததில்லை.

செங்கல்பட்டில் வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தோம். நீளமான வார்டு, எப்போதும் திறந்தே கிடக்கும் ஜன்னல்கள், வரிசையாகக் கட்டில்கள். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அது கிருமியைக் கொல்லும், ஆனால் காதுக்குள் வண்டு ரீங்காரமிடும். கட்டிலைவிட்டு இறங்கினால் தரை சாயும். அதோடு ஐசோனெக்ஸ் என்ற சின்ன மாத்திரை, பி.ஏ.எஸ். என்ற பெரிய மாத்திரைகள் கை நிறைய. பெரியதைத் தின்றால் வயிறு புரளும். இரண்டு மூன்று மருந்து எதற்கு என்றால், ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொண்டு சாகாதாம். கிருமிக்குக்கூடப் புதுப் பழக்கம் சுலபமாக வருகிறது, மனுஷிக்குத்தான் வரவில்லை.

எழுந்ததும் குவளை. இருமல் வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முந்தானையை நாலாக மடித்து வாயில் வைக்க வேண்டும். இதையெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். பகலில் படுப்பதுதான் முடியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பேசாமல் படுத்துக் கிடக்க வேண்டும், அதுவும் மருந்துதான் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் பிரசவமானவளும் பிணமும்தான் பகலில் படுப்பது. தறிச் சத்தம் கேட்காத மத்தியானம் எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணை மூடினால் கை தானாகக் காற்றில் இழை முறுக்கும். பக்கத்துக் கட்டில்காரி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பேயி நூல் நூக்குதா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அவள் பச்சையம்மா, தென்னேரிக்காரி. விவசாயக் குடும்பம். அவளுக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை மருந்து சாப்பிட்டுச் சதை பிடித்ததும் நடவுக்கு இறங்கிவிட்டாள். மாத்திரை மாடப் பிறையிலேயே இருந்துவிட்டது. இப்போது பழைய மருந்து அவளுக்குக் கேட்கவில்லை. சிரிப்பும் இருமலும் அவளுக்குச் சேர்ந்தேதான் வரும்.

"மருந்து கசப்பு ஒண்ணும் பண்ணாதுமா," என்றாள் ஒருநாள். "நல்லாயிட்டோம்னு தோணும் பாரு, அதுதான் ஆள சாச்சிடும்."

ராத்திரிகளைப் பற்றி நிறைய எழுத மனமில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும். பிழிந்து கழிவறையில் ஊற்றிவிட்டு வந்து படுப்பேன். ஏதாவது ஒரு கட்டிலில் இருமல் தொடங்கினால் வார்டு முழுக்கச் சுற்றி வரும். பச்சையம்மா மட்டும் இருளில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தூங்கிவிட்டாயா என்று கேட்பாள். இல்லை என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாய் திறந்து ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷர். முதல் தடவை வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டு இழையை எடுத்து என் கட்டில்மேல் நீட்டி வைத்தார். என்ன என்று கேட்டதற்கு, மல்லிகாவின் உயரம் என்றார். குழந்தையைப் பாயில் படுக்க வைத்து, உச்சியிலிருந்து குதிகால் வரைக்கும் இழை பிடித்து அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கப்புறம் வருகிற தடவையெல்லாம் ஒரு இழை வந்தது. பழையதும் புதியதும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நெல்லளவு கூடியிருக்கும். பிள்ளை வளர்கிற சந்தோஷமும், நான் பார்க்காமல் வளர்கிறாளே என்ற வயிற்றெரிச்சலும் ஒன்றாக வரும். அவர் போன பிறகு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுவேன்.

சில மாதங்களில் என் சளியில் கிருமி இல்லை என்று வந்தது. கன்னத்தில் சதை விழுந்தது. மிச்ச மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிடலாம், மாதாமாதம் வந்து சளி கொடுக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்டேன். இன்னும் சில பரிசோதனை தொடர்ந்து சுத்தமாக வரட்டும் என்றார் டாக்டர். பச்சையம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னபோது அவள், மறுபடியும் வராதே என்று மட்டும் சொன்னாள். அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கப் பயமாக இருந்தது.

வீட்டில் எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர், பாய், பின்கட்டில் ஒரு மூலை எல்லாம் தயாராக இருந்தது. மாமியாரின் கண்டிப்பு ஊரறிந்தது. சாதாரண நாளிலேயே அந்த வீட்டில் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்க முடியாது. மல்லிகா நடக்க ஆரம்பித்திருந்தாள். பத்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். பத்மா, "அம்மா பாரு, உங்க அம்மா" என்று காட்டிக்கொடுத்தாள். குழந்தை பத்மாவையே பார்த்தது. அது யாரை அம்மா என்று நினைத்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சில நாளில் அவளாகவே தத்தித் தத்திப் பின்கட்டுக்கு வர ஆரம்பித்தாள். அவள் காலடி கேட்டதுமே எனக்கு முந்தானை வாய்க்குப் போய்விடும், முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். இருமல் வந்தாலும் வராவிட்டாலும் அப்படித்தான். வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அவள் கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். இதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை.

மாத்திரைக்கு வந்த சோதனை வேறு மாதிரி. வெறும் வயிற்றில் அதைத் தின்றால் குடல் வெளியே வந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் கிருத்திகை விரதம் என்றால் பெண்கள் பொழுது சாய்கிற வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். முதல் கிருத்திகை அன்று நானும் சாப்பிடவில்லை, மாத்திரையும் போடவில்லை. ஒருநாள்தானே என்று இருந்தேன். மாமியார் கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் திட்டவில்லை. அடுத்த கிருத்திகைக்குக் காலையிலேயே இரண்டு இலை போட்டு, எனக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். கல்யாணமான நாள் முதல் விட்டதில்லை அந்த விரதத்தை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"முருகன் என்னிய கேட்டா நான் பேசிக்கிறேன்," என்றார். "நீ முழுங்கு."

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. உட்கார்ந்து செய்கிற லேசான வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஆள் குறைந்ததில் தறி பல நாள் சும்மா கிடந்ததும் எனக்குத் தெரியும். புதுப் பாவு வந்தது. பத்மா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கூடத்து ஓரத்தில் மாமியார் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கை கால் எல்லாம் பரபரத்தது. இழை என் விரலுக்கு வந்ததும் போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. பேச்சும் சிரிப்புமாக ஒரு மணி நேரம் போல ஓடியிருக்கும். நாக்கில் கஞ்சியின் பழைய ருசி தட்டியது. பட்டு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி. இது எப்படி வாய்க்கு வந்தது என்று யோசித்தேன்.

விரல் வழியாக வந்திருக்கிறது. இழை நுனி ஈரமாக இருந்தால்தான் முறுக்கு நிற்கும். அதற்காக ஒவ்வொரு முறுக்குக்கும் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வோம். நீண்ட முனையைப் பல்லால் கடித்துத் துப்புவோம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எதிரே பார்த்தேன். நான் விட்ட இழையைப் பத்மா எடுத்து, விரலை நாக்கில் வைத்தாள். உள்ளே தூளியிலிருந்து மல்லிகா அழும் சத்தம் கேட்டது. பத்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பால் கொடுக்க எழுந்தாள்.

நான் போட்ட கத்தலில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் ஓடி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு மண்டையும் கலங்கிவிட்டது என்று எழுதி ஒட்டியிருந்தது.

"பட்டுக்கு ஏதுடி எச்சில்?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பட்டுக்குத் தீட்டில்லை, எச்சில் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற அதே மனுஷர்கள்தான் நாள் முழுக்க நாக்கை வைத்த இழையைக் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். என் டம்ளரைப் பின்கட்டில் பிரித்து வைத்த வீட்டில், என் எச்சிலைக் கூடத்து நடுவே நீட்டிக் கட்டியிருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே நூல் இல்லை, அதனால் நூலைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அடுத்த நாள் பத்மாவையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இந்த நோய் நூலில் ஒட்டி வருவது அபூர்வம், இருமல் காற்றில்தான் வரும், என் சளியிலும் இப்போது கிருமி இல்லை, ஆகவே அலற வேண்டாம் என்றார். ஆனால் விரலை நக்குகிற வேலையை இன்றோடு விடச் சொன்னார். சந்தேகத்துக்கு மூன்று பேருக்கும் மான்டூ பரிசோதனை செய்தார். முன்கைத் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி. கிருமி எப்போதாவது உடம்புக்குள் போயிருந்தால் மூன்று நாளில் அந்த இடம் சிவந்து தடிக்கும்.

அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, ஞாபகமில்லை. தூரத்தில் நின்றுகொண்டு குழந்தையின் கையையே பார்த்தேன். கொசு கடித்த தடிப்பைக்கூட ஊசித் தடிப்பென்று எண்ணினேன். பத்மா என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வழக்கம்போல என் தட்டில் சோறு போட்டுவிட்டு, ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

குழந்தைகள் இருவர் கையிலும் ஒன்றுமில்லை. பத்மா கை தடித்திருந்தது. பெரியவர்களில் நிறையப் பேருக்கு இப்படித் தடிக்கும், என்றைக்கோ உள்ளே போன கிருமி தூங்கிக்கொண்டிருக்கும், அது நோய் இல்லை என்று டாக்டரம்மா சொல்லி, படம் எடுத்து, நுரையீரல் சுத்தம் என்று காட்டிய பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். குழந்தைகளுக்கு பி.சி.ஜி. குத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு கிண்ணத்தில் ஈரத் துணியை மடித்து வைத்தார். எனக்கு மட்டும் இல்லை, தறியில் அறுந்த இழையை முடிகிற ஆண்கள் உட்பட ஆளுக்கொரு கிண்ணம். எல்லோரும் விட்டுவிடுவது என்று அவர்தான் சொன்னார். என்னை மட்டும் தனியாகக் கிண்ணத்தோடு உட்கார வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று எனக்குப் புரிந்தது. சொல்லுவது சுலபம். ஒவ்வொருவர் கையும் பாதி வழி வாய்க்குப் போய், நின்று, திரும்பிக் கிண்ணத்துக்கு வரும். வேலை பாதியாகக் குறைந்தது. இரண்டு இழைக்கு ஒருமுறை யாராவது ஒருவர் நாக்கை நீட்டுவார், மற்றவர்கள் தொண்டையைக் கனைப்போம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா சொன்னதில்லை. மாமியார் மட்டும், பட்டு என்றைக்கும் பட்டுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே விரலைக் கிண்ணத்தில் நனைத்தார்.

மாதங்கள் போயின. ஒவ்வொரு பரிசோதனையும் சுத்தமாக வந்தது. ஒருநாள் டாக்டர் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையை முடிக்கிற வரை விடாதே, ஆனால் குழந்தையை இனித் தூக்கலாம் என்றார். திரும்பவும் கேட்டேன். தூக்கலாம், முத்தமும் கொடுக்கலாம் என்று சிரித்தார். வீடு வந்து சேர்கிற வரை அதை எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டியில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

கூடத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து கையை விரித்தேன். பத்மா மல்லிகாவை இறக்கிவிட்டு, அம்மாவிடம் போ என்றாள். ஓடி வந்தாள். கையெட்டும் தூரத்தில் நின்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பாவாடை நுனியைத் தூக்கி, மடித்து, வாயில் வைத்துக்கொண்டாள். துணிக்கு மேலே அவள் கண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

அம்மா என்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். நடக்கப் பழகிய காலத்திலேயே இதையும் பழகியிருக்கிறாள். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"துணிய எடு அக்கா," என்றாள் பத்மா. "நீ எடுத்தாத்தான் அது எடுக்கும்."

அப்போதுதான் பார்த்தேன், என் முந்தானையும் என் வாயில் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. எடுக்கலாம் என்று நினைக்கிறேன், கை இறங்க மாட்டேன் என்கிறது. பத்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியை விடுவித்தாள்.

மல்லிகா தன் பாவாடையைக் கீழே விட்டாள். ஒரு அடி கிட்டே வந்தாள். விவரம் தெரிந்து என் வாயை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஒரு விரலை நீட்டி, என் உதட்டை விலக்கி, பல்லைத் தொட்டுப் பார்த்தாள்.